எடுக்காதே 2

என் ஃபோன் எப்போதும் சைலண்டில்தான் இருக்கும் சார். வகுப்பில் வந்த பழக்கம். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மாமாவின் அடி பொறுக்காமல் வெளியேறிய அக்கா, பேக்கரிக்கு மேல் ஓர் அறை எடுத்திருந்தாள். அடுப்புச் சூட்டில் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். புது நம்பரை எனக்கு மட்டும் கொடுத்தாள்.

"யார் கேட்டாலும் குடுத்துடாதடா. உனக்கு ஓட்டை வாய்."

"நான் கல்லுளிமங்கன்க்கா."

"மங்கன் இல்ல, மங்குனி."

பழைய நம்பர் 'அக்கா' என்று இருந்தது. குழப்பம் வரக்கூடாதென்று புதியதை 'அக்கா பேக்கரி மாடி' என்று சேமித்தேன்.

கல்லூரியில் ஒருத்தி என்னை எந்தப் பெயரில் வைத்திருக்கிறாள் என்று அறிய ஆசை. நாங்களெல்லாம் பழியாகக் கிடக்கும் சமூக வலைத்தளத்தில் அதற்கு வசதி இருந்தது. நம் ஃபோனிலுள்ள பெயர், நம்பர் எல்லாவற்றையும் கம்பெனிக்குக் கொடுத்தால், மற்றவர்கள் நமக்கு வைத்த பெயரைக் காட்டும். நம்மிடம் இல்லாத நம்பரிலிருந்து யார் அழைத்தாலும், வேறு யாரோ அதற்கு வைத்த பெயரைச் சொல்லும். 'அனுமதி'யை அமுக்கினேன். யார் கேட்டாலும் கொடுக்காதே என்றுதான் அக்கா சொன்னாள். கேட்டது ஒரு பொத்தான்.

அந்தப் பெண் என்னை 'எடுக்காதே 2' என்று வைத்திருந்தாள். முதலாமவன் யாரென்று இன்னும் தெரியவில்லை.

அக்காவின் மகள் மாமாவிடம் இருந்தாள். அக்கா அவ்வப்போது மாமாவின் ஃபோனுக்கு அடிப்பாள், குழந்தை எடுத்து "ஹலோ, யாரு?" என்றால் கேட்டுவிட்டு, பேசாமல் வைத்துவிடுவாள். மாமாவும் அதே வலைத்தளத்தில் இருந்தார். அன்று மதியம் திரையில் வந்ததைக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படித்ததாம்: "அப்பா, அக்கா பேக்கரி மாடின்னு போட்டிருக்கு."

ஊரில் மாடி உள்ள பேக்கரி ஒன்றுதான். அதன்பின் அங்கே நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது.

அக்காவைப் புதைத்த மறுநாள், அந்தப் பெயரை அழிக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினேன். நம்பருக்கு உரியவரே அந்த நம்பரிலிருந்து கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். குற்றம் அவர்களுடையது என்று நீங்கள் எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் நேற்று அக்காவின் ஃபோனைக் காட்டினீர்கள். கடைசி ஐந்து அழைப்பும் எனக்கு. அவள் எனக்கு வைத்திருந்த பெயரை நீங்களே வாய்விட்டுப் படித்தீர்கள்: 'முதல்ல இவனைக் கூப்பிடு'.

அதனால் முதல் வரியை அடித்துவிடுங்கள் சார். ஃபோன் சைலண்டில் இல்லை. என் மடியில்தான் அடித்துக்கொண்டிருந்தது. 'எடுக்காதே 2' என்ற துக்கத்தில் இருந்தேன். ஒருத்தராவது என்னை விடாமல் கூப்பிடுகிறார்களே என்று ஆறுதலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.