மஞ்சள் பூசிய சர்வே கல்

மலைக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தாலும் இந்தக் கீழப்புதூர்த் தெருவை விட்டுப் போகாத தலைவர் ஹபீபுல்லா பாய் அவர்களே! நமக்காகக் கை வலிக்க மனு எழுதிய செல்வமேரி டீச்சர் அவர்களே! பொன்மலைப் பட்டறையில் ஷிப்டு முடிந்து, முகத்துக் கரியைக்கூடக் கழுவாமல் சைக்கிளோடு வந்து நிற்கும் என் பிள்ளைகளே! பெரியோர்களே! தாய்மார்களே! அந்தக் கல் நட்ட நாளில் என்னோடு நின்ற மூன்று பேரையும் தனித்தனியாக வணங்குகிறேன். பாப்பாயி! சாரா பீவி! ரெங்கம்மாள்! தலையைக் குனியாதீர்கள், தாயே. நாம் செய்தது தவறுதான், திருட்டு இல்லை.

என்ன தவறு? போன ஆடிப்பெருக்குக்கு மறுநாள். ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். பஞ்சாயத்து யூனியன் மெம்பர் வருகிறார், கூடவே சங்கிலியோடு சர்வேயர் வருகிறார். என் வாசலுக்கு எதிரே குழி தோண்டிக் கல் நடுகிறார்கள்.

“என்ன தம்பி இது?” என்றேன்.

“குழாய் வருது ஆத்தா. நாலு வருஷமா கேட்டீங்கள்ல?” என்றார் மெம்பர்.

குழாய்! அந்த ஒரு சொல்லில் மயங்கினோம் அம்மா, மயங்கினோம்! வாய்க்கால் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்த வாய் அல்லவா? நல்ல காரியத்துக்குக் கல் நட்டால் நம் கை சும்மா இருக்குமா? காவிரிக்குக் கொண்டுபோனது போக மிஞ்சிய மஞ்சள் இருந்தது. பாப்பாயி பூசினாள். நான் குங்குமம் வைத்தேன். ரெங்கம்மாள் கற்பூரம் ஏற்றினாள். சாரா பீவி எல்லோர் கையிலும் சர்க்கரை போட்டாள். சர்வேயர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

“என்ன எழுதுறாரு?”

“குழாய் எங்க வரணும்னு குறிச்சுக்கிறாரு ஆத்தா.”

குறித்தது என்ன? யூனியன் ஆபீஸின் பின்சுவரில், சைக்கிள் நிறுத்துகிற மூலையில் ஒட்டியிருந்த நோட்டீஸை டீச்சர் படித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. முன்சுவர் இடிந்தா போயிற்று? எதற்காகப் பின்சுவர்?

திருவெள்ளறை ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம். நேராக வருகிற ரோடு, மெம்பருடைய மச்சினன் அரிசி மில்லைக் கண்டதும் வெட்கப்பட்டு வளைகிறது! வளைந்து நம் தெருவுக்குள் நுழைகிறது! மில் இருப்பது ‘தொழில் இடம்’, அதைத் தொடக்கூடாதாம். நாம் இருப்பது? ‘காலி மனை’யாம்! நெல் காய்கிற களத்துக்கு ஒரு பெயர் உண்டு. பிள்ளை பெற்ற வீடு காலி! பிணம் எடுத்த வீடு காலி! முப்பத்திரண்டு வீடும் காலி! அதற்குக் கீழே, “பொதுமக்கள் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு வரவேற்றனர். ஆட்சேபணை இல்லை” என்று ஒரு வரி. நம் மஞ்சளையே நமக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டார்கள், பார்த்தீர்களா?

என்ன தம்பி, எழுந்து நிற்கிறாய்?

“வேற இடத்துல பட்டா தர்றாங்களாமே ஆத்தா?”

“எந்த இடத்துல?”

“கொள்ளிடக்கரைப் பள்ளத்துல.”

“வெள்ளம் வந்தா அந்தப் பட்டா மீனுக்குத்தான்யா! பேப்பரைக் கண்ணால பாத்தியா?”

“இல்லீங்க.”

“அப்ப உக்காரு.”

சோடாக் கடை ஓரமாக மெம்பருடைய ஆள் நிற்கிறானாம். அவனை முன்னால் கூட்டிவந்து உட்கார வையுங்கள். அரைகுறையாய்க் கேட்டுப்போய்ச் சொன்னால் என் பேச்சு கெட்டுப்போகும்!

நாளைக் காலை பத்து மணிக்குப் பெரிய அதிகாரி நேரில் விசாரிக்க வருகிறார். பட்டறைக்காரர்கள் ஒரு நாள் லீவு போடுங்கள். பெண்கள் ஸ்ரீரங்கத்துக்குப் பூ விற்கப் போகாதீர்கள். முப்பத்திரண்டு அடுப்பும் எரியட்டும்! ஈர விறகாகப் பார்த்து வையுங்கள். முப்பத்திரண்டு கூரையிலும் புகை எழும்பட்டும்! அதிகாரி கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கட்டும்! நிற்கிறவரை ஒரே ஒரு கேள்வி கேட்போம்: ஐயா, காலி மனையில் புகை வருமா? அவருக்கு மோர் கொடுங்கள், விசிறி கொடுங்கள். டீச்சர் படித்துச் சொல்லாத காகிதத்துக்குக் கைநாட்டு மட்டும் கொடுக்காதீர்கள்!

இவ்வளவு நேரம் பனியில் உட்கார்ந்து கேட்டீர்கள். உங்கள் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்கட்டும். தலைவர் அவர்களுக்கும் கூடியிருக்கும் எல்லோருக்கும் என் நன்றி, என் வணக்கம்.

சர்வேயர் வெளியூர்க்காரர், சொன்னதை எழுதினார், அவரை மன்னித்தேன். மச்சினன் தன் மில்லைக் காத்துக்கொண்டான்; அவனையும் மன்னித்தேன். ஆனால் இந்தத் தெருவின் நாலாவது வீட்டில் ஒருவன் பிறந்தான். அவனைப் பெற்றவள் அதே வீட்டில்தான் செத்தாள். குளிப்பாட்டிக் கோடி போர்த்தியவள் நான். அந்த வீட்டையும் காலி மனை என்று எழுதும்போது, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான் அந்த மெம்பர். அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

அவன் பெயர் ராசப்பன்.