காலிஃபிளவர் மேலே தூவியது

காலிஃபிளவரை நம்பவே கூடாது. வெளியே பார்த்தால் சலவைக்குப் போட்டெடுத்த சட்டை மாதிரி வெள்ளையாக இருக்கும். உள்ளே புழு குடித்தனம் நடத்தும். அதனால் பூவைக் கவிழ்த்து உப்புத் தண்ணீரில் முக்கி வைப்பேன். அப்புறம் தண்டைக் கத்தியால் கீறி, அரை வேக்காடு வேகவிட்டு, துணியால் ஈரத்தை ஒற்றி, முழுசாக ஓவனுக்குள் தள்ளுவேன். ஓவன் மகள் வாங்கிப் போட்டது. அது மணி அடிப்பதையும் நான் நம்புவதில்லை. ஓரம் கருகுகிற வாசனை வந்தால் எனக்கே தெரியும்.

பக்கத்து வீட்டுத் தையல்காரரே, உங்கள் நாயைப் பற்றிப் பேச வந்தால் இவன் சமையலைப் பேசுகிறானே என்று பார்க்கிறீர்கள். உட்காருங்கள். இரண்டும் ஒரே விஷயம்தான்.

காலமெல்லாம் கறிக்கடையில் நின்றவன் நான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்கியதில்லை. எனக்கு வாய்த்த மாப்பிள்ளையோ மாட்டு டாக்டர். வைத்தியம் பார்க்கிற கையால் கறியைத் தொட மாட்டாராம். கல்யாணத்துக்கு அப்புறம் என் மகளும் விட்டுவிட்டாள். சரி, போகட்டும் என்று காய்கறியையே கறி மாதிரி சமைக்கப் பழகிக்கொண்டேன்.

மேனேஜர் வந்தது அதற்குப் பிறகு. கால் ஒடிந்த வாத்து. மாப்பிள்ளை கட்டுப் போட்டு வீட்டோடு வைத்துக்கொண்டார். குறுக்கும் நெடுக்குமாக நடந்து எல்லாரையும் அதட்டும். அதனால் மகள் வைத்த பெயர் அது. வேலை விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் பின்பக்கம் ஓடுவாள். மேனேஜர் சாப்பிட்டாரா, குளித்தாரா என்று விசாரணை நடக்கும். நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

"அப்பா, கொஞ்சம் நகருங்க. ஃபேன் காத்து மேனேஜருக்கும் வரட்டும்" என்றாள் ஒருநாள், அதைக் கூடத்துக்குத் தூக்கி வந்து. நகர்ந்தேன். அதில் எனக்கு ஒன்றுமில்லை.

என் கவலையெல்லாம் மாப்பிள்ளையைப் பற்றி. ஒல்லி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவர் உடம்பில் கொஞ்சம் வலு ஏற்ற வேண்டும் என்று ஒரு மாமனாருக்குத் தோன்றக் கூடாதா?

போன செவ்வாய்க்கிழமை இருவரும் வேலைக்குப் போனதும் காரியத்தை முடித்தேன். கை எதையும் மறக்கவில்லை. மேனேஜர் துடிக்கக்கூட இல்லை. கொழுப்பை உருக்கி, தோலைச் சிறு சில்லாக நறுக்கி அதிலேயே பொரித்தேன். மிச்சக் கொழுப்பைக் காலிஃபிளவர் முழுக்கத் தடவி ரோஸ்ட் போட்டேன். மேலே பொரித்த பூண்டு, கருக வதக்கிய வெங்காயம், இடித்த மிளகாய், வறுத்த எள், எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தோல். கறியை மத்தியானமே நான் சாப்பிட்டாயிற்று. வீணாக்குவது என் தொழிலில் இல்லை.

சாயங்காலம் இருவரும் தெருத்தெருவாகத் தேடிவிட்டு, அழுத கண்ணோடு வந்து உட்கார்ந்தார்கள்.

"எனக்கு வேண்டாம்ப்பா."

"துக்கத்துல வயித்தைக் காயப்போடக் கூடாதும்மா."

மாப்பிள்ளை ஒரு துண்டை வாயில் வைத்து மென்றார். நிறுத்தினார்.

"மாமா, மேல மொறுமொறுன்னு இருக்கே, அது என்னது?"

"பூண்டு, மாப்பிள்ளை."

"பூண்டுல இவ்வளவு ருசியா? இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"பின்பக்கம்தான்."

இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகளும் தட்டை வழித்துவிட்டாள். அவர்கள் அப்படிச் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்தது.

தப்பு எலும்பில் நடந்தது. கறிக்கடைக்காரன் கை எலும்பைப் பிடித்தால் நாயைத் தேடும். இறகைப் புதைத்தவன், பச்சை எலும்பைப் பழக்கதோஷத்தில் உங்கள் மதிலுக்கு மேல் வீசிவிட்டேன். மறுநாள் உங்கள் நாய் வாயில் இருந்ததைப் பார்த்த மாப்பிள்ளை, தான் கட்டுப் போட்டு ஒட்டவைத்த கால் என்று கண்டுபிடித்துவிட்டார். அதனால்தான் நாயை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடச் சொல்லி உங்கள் உயிரை வாங்குகிறார்.

விட வேண்டாம். அது நல்ல நாய். போட்டதைத் தின்றது, அவ்வளவுதான். மேனேஜரைக் கொன்றவன் நான். அவர்களுக்கு ஊட்டியதும் நான். போய்ச் சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை கொஞ்சம் வாந்தி எடுப்பார், வேறொன்றும் ஆகாது.

ஆனால் வாத்து மேல் எனக்குப் பொறாமை என்று மட்டும் யாரும் கதை கட்டக் கூடாது. வாத்தோடு எவனாவது போட்டி போடுவானா? அன்றைக்குக் கூண்டு காலியாக இருப்பதைப் பார்த்ததும் மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேனேஜரைப் பாத்தீங்களாப்பா?" என்றுதான் கேட்டாள். இருந்தாலும், கையை வெகுநேரம் விடவில்லை.