யாருக்கு உதவியாள்?

அவைத் தலைவர் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தவர்களே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் கதவோரம் நிற்கும் தம்பிகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பெரிய படிப்பில்லை. தலைவர் அண்ணன் சற்றுமுன் என்னைச் "சலவைக்கூடத்து உதவியாள்" என்று அறிமுகப்படுத்தினார். அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். தலையைக் குனியாதீங்க அண்ணே, உங்களைச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தேய்க்கும் நீராவி இயந்திரம் அது. மூடியை இறக்கினால் கை சுடும். ஏற்றினால் முகம் வேகும். அதில் நின்றவர் என் வீட்டுக்காரர். பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்தவள் நான். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. அழுது முடித்து வந்தவளிடம் அவருடைய இயந்திரத்தையே கொடுத்தார்கள். அதே மூடி, அதே ஆவி, அதே மூட்டை. துணி எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை. கூலி மட்டும் பாதி.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். "ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு சட்டம் இருக்கே சார்?"

"இருக்கும்மா. ஆனா அவரு ஆபரேட்டர். நீ உதவியாள்."

"யாருக்கு சார் உதவி?"

"உன் வீட்டுக்காரருக்குத்தான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"இருந்தப்ப உதவினேன் சார். இப்ப எப்படிப் போய் உதவுறது?"

சிரியுங்கள், பரவாயில்லை. நானும் அங்கே சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

சட்டம் வந்தது, சகோதரிகளே. கூலி ஒன்றாகவில்லை, வேலைக்குப் பெயர் இரண்டானது! தைக்கும் தங்கையே, நீ யாருக்கு உதவி? கல் அறுக்கும் அக்காவே, நீ யாருக்கு உதவி? பக்கத்தில் ஆளே இல்லாமல் உதவுகிற அதிசயம் நமக்கு மட்டும் எப்படி வாய்த்தது?

நான் எழுதிக் கொடுத்த புகாரை விசாரிக்க நாளை தொழிலாளர் அதிகாரி எங்கள் கூடத்துக்கு வருகிறார். ஒவ்வொருவரிடமும் கேட்பார், "உன் வேலை என்ன? பக்கத்தில் நிற்பவர் வேலை என்ன?" யாராவது ஒருவர் என்னை உதவியாள் என்று சொல்லிவிட்டால் என் வழக்கு அதோடு முடிந்தது.

அடுத்த இயந்திரத்துத் தம்பி பயந்தான். "உங்களுக்கு ஏத்தினா எங்களுக்குக் குறைப்பாங்களாமே அக்கா?"

"பாதிக் கூலிக்கு நான் கிடைக்கிற வரைக்கும் உனக்கு எதுக்குடா முழுசாக் குடுப்பாங்க?"

தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான். இன்று காலை வந்து நின்றான். "அண்ணன் நின்ன இடத்துல நீங்கதான் நிக்கிறீங்கன்னு அதிகாரிகிட்ட நானே சொல்றேன்க்கா." அதோ, கதவோரம் முகத்தை மறைக்கிறானே, அவன்தான். கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்.

தாய்மார்களே, நாளை உங்களையும் யாராவது கேட்பார்கள். செய்கிற வேலையைச் சொல்லுங்கள், கொடுத்த பெயரைச் சொல்லாதீர்கள்.

பேச இடம் தந்த தலைவருக்கு நன்றி. அண்ணே, ஒரே ஒரு திருத்தம். இப்போது பேசியவள் நீராவி இயந்திர ஆபரேட்டர். வணக்கம்.