மின்னாத கத்தி

எலுமிச்சம்பழம் நறுக்கின கத்திய அப்படியே போட்டுடக் கூடாது சார். இரும்பு கறுத்துடும். இது தெரியாம நெறைய பேரு என்னாண்ட வந்து சண்டைக்கு நிப்பாங்க.

என் பேரு ஏசுபாதம். சதுரங்கப்பட்டினம் பஜார்ல சாணைக் கடை. கத்தி தீட்டுறது, பாலிஷ் போடுறது, அவ்ளோதான் பொழப்பு. கொலைக் கேசுன்னு நீங்க புடிச்சி வச்சிகினு கீறீங்களே, கறிக்கடை கியாசுதீன் பாய், கத்தி அவரோடதுதான். இல்லைன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு அது சாணைக்கு வந்து என் கடைல கெடந்துச்சு. பாவம், புள்ளகுட்டிக்காரரு, அவர வூட்டுக்கு அனுப்பிடுங்க.

அப்போ அந்தக் கத்திய எடுத்தது யாருன்னு கேப்பீங்க. நான்தான். ஏன் அதுன்னு கேட்டா, அது தொழில் விஷயம், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. நிக்கல் முலாம் பூசின கத்தி பாக்க கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். கல்பாக்கத்துல கட்டட வேலைக்கு வந்தவங்க அதத்தான் கேப்பாங்க. தீட்டத் தீட்ட ஓரத்துல முலாம் போயிடும், உப்புக்காத்து உள்ள பூந்து உரிஞ்சிகினு வரும். சக்கரத்துல பஃப் அடிச்சி கண்ணாடியாட்டம் ஆக்கினது வேற. அதுல ஈரம் தங்காது, துரு சீக்கிரம் ஏறாது, ஆனா கண்ணக் கூசும். பாயோடது ரெண்டும் இல்ல. காய்ச்சி எண்ணெயில முக்கின கறுப்பு. வெயில்ல புடிச்சாலும் மின்னாது.

பாய் ஒரு வழக்கம் வச்சிருக்காரு. அறுக்கறதுக்கு முன்னாடி ஆட்டுக்குக் கத்தியக் காட்ட மாட்டாரு. "அது பயந்துச்சுன்னா பாவம் நம்மள சும்மா வுடாது அண்ணாத்த"ம்பாரு. நல்ல மனுஷன். நானும் அதத்தான் நெனச்சேன், என் பொண்டாட்டி ஜெசிந்தா பயந்துடக் கூடாதேன்னு. பக்கவாதம் வந்து படுத்த பொம்பள. கண்ணு மட்டும் சுத்திகினே இருக்கும். மத்தியான வெயில் ஜன்னல் வழியா நேரா கட்டிலுக்கு வரும். பளபளக்குறத எடுத்தா பாத்துடுவா இல்ல. அதான் மின்னாததா பாத்து எடுத்தேன், யாரோடதுன்னு யோசிக்கல. அங்கதான் தப்பு பண்ணிட்டேன்.

அவ கத்தியப் பாக்கல சார். என் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தா.

நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல, தெருவுல விசாரிச்சிப் பாருங்க. பீ மூத்திரம் அள்ளினேன், தலை வாரி வுட்டேன், மூஞ்சி சுளிச்சதில்ல. தூக்கி உக்கார வச்சி, தூக்கிப் படுக்க வச்சி, இடுப்பே வுட்டுப் போச்சு. மாதா கோயிலுக்குப் போனா பூசை நடக்கச்சொல்லவே தூங்கிடுவேன். அவ பட்ட கஷ்டம் தீரட்டும்னுதான் செஞ்சேன். அப்படியே எழுதிக்கோங்க.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிகீறீங்களாமே. எதுக்கு வீண் அலைச்சல். டாக்டரம்மா இன்னா சொல்லும்னு நானே சொல்லிடறேன். இது நடந்ததுக்கு முந்தின நாள்தான் அவள அங்க கூட்டிகினு போயிருந்தேன். ஜெசிந்தா காலை அசைச்சிக் காட்டினா. அந்தம்மாவுக்கு சந்தோஷம் தாங்கல. இனிமே பயமே இல்ல, பொங்கலுக்குள்ள எழுந்து நடந்துடும்னு சொல்லிச்சு.

நடந்துடுவா சார். அது வரைக்கும் யாரு தூக்கறது?