வாசலில் நின்ற எட்டு ஸ்கூட்டர்கள்

எல்லோரும் என்னை ஸ்பானர் என்று அழைப்பார்கள். வயது முப்பத்தெட்டு. ஸ்கூட்டர் மெக்கானிக். பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில், கடையும் வீடும் ஒன்றாக உள்ள கட்டடத்தில் தங்கையுடன் வசிக்கிறேன். காவல் ஆய்வாளர் ஐயா முன் நானாக வந்து சொல்வதாவது:

என் தங்கை சக்கர நாற்காலியில் இருப்பவள், அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். அரசு வேன் தினமும் வந்து அவளை வேலைக்கு அழைத்துச் சென்றது. இரண்டு மாதத்துக்கு முன் கணக்கெடுக்க வந்தவர் டேப்லெட்டில் வாசலைப் படம் எடுத்தார். பழுதுக்கு வந்து நின்ற எட்டு ஸ்கூட்டர்களையும் அந்த டேப்லெட் எங்களுடையவை என்று எண்ணிக்கொண்டதால், வசதியான குடும்பம் என்று வேன் நின்றுபோனது. அதன் பிறகு நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. "எட்டு வண்டிக்காரன் தங்கச்சின்னா மாப்பிள்ளைங்க வரிசையில நிப்பாங்கண்ணா" என்று அவள் சிரித்தாள். ஆனால் தினமும் காலையில் கிளம்பி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள்.

நேற்று காலை மறு கணக்கெடுப்பு என்று தகவல் வந்ததன் பேரில், எட்டு வண்டிகளையும் ஒவ்வொன்றாக மரக்கடைக்குப் பின்னால் தள்ளிப் போய் நிறுத்தினேன். அதன் பிறகு திரும்பி வந்தபோது வாசலில் நீல ஸ்கூட்டர் ஒன்று நின்றது. எண்ணியதில் ஒன்றை விட்டுவிட்டேன் போல என்று அதையும் தள்ளிப் போனேன். அது பூட்டியிருந்தது. பூட்டைத் திறக்க எனக்குச் சாவி தேவையில்லை என்பதை ஐயாவிடம் மறைக்கவில்லை.

அதன் பிறகு நான் வந்தபோது, நான் வண்டி தள்ளிய நேரத்தில் வந்து வீட்டுக்குள் இருந்த கணக்கெடுப்பு அம்மா திரையைப் பார்த்தபடியே வெளியே வந்து, வாசலைப் படம் எடுத்து, 'வாகனம் இல்லை' என்று பதிந்து அனுப்பினார். அதன் பிறகுதான் நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, என் வண்டி எங்க?" என்றார். உண்மையைச் சொன்னால் வேன் மறுபடி கிடைக்காது என்று மறைத்துவிட்டேன். அவர் நேரே இங்கே வந்து புகார் கொடுத்துவிட்டார்.

தங்கையிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "போய் ஒப்படைச்சிடுண்ணா. வண்டி இல்லாம அவங்க எப்படி வேலைக்குப் போவாங்க?" என்றாள்.

நீல ஸ்கூட்டரை நிலைய வாசலில் நிறுத்தியிருக்கிறேன். பின் பிரேக் பிடிக்காமல் இருந்தது, சரிசெய்துவிட்டேன். திருட்டு என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மா பதிந்ததை மட்டும் யாரும் திருத்த வேண்டாம். எங்களுக்குச் சொந்தமாக ஒரு வண்டியும் இல்லை.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

ஒப்பம்: ஸ்பானர்