வெள்ளிக்கிழமை வட்டம்

இந்த ஸ்டேஷன் நாற்காலி முதுகுக்கு ஆகாது, ஐயா. நாள் முழுக்க இதில் உட்கார்ந்து அடுத்தவர் கதை கேட்கிறீர்கள், ஐம்பது வயதில் தெரியும். எங்கள் அலுவலகத்தில் நாற்காலி விஷயத்தில் மட்டும் நான் கஞ்சத்தனம் செய்ததில்லை.

எனக்கு இரண்டு வேலை. உள்ளே, மென்பொருள் எழுதுகிற நாற்பது பேரும் பயமில்லாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. வெளியே, ஆஸ்பத்திரிகளுக்குப் போய் மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று ஆலோசனை சொல்வது. வெளியே நான் 'முடியாது' என்று சொல்லக் கூடாது. உள்ளே யாராவது 'முடியாது' என்றால் முகம் சுளிக்கக் கூடாது. பன்னிரண்டு வருடம் இரண்டையும் சமாளித்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் வட்டமாக உட்காருவோம். அந்த வாரம் செய்த தவறை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதும் மற்றவர்கள் கைதட்டுவார்கள். ஒருவர் எழுதிவைப்பார். ஒரே ஒரு விதி, நான் போட்டது: தன் தவறை மட்டும் சொல்லலாம், அடுத்தவர் பெயரை இழுக்கக் கூடாது. வேறு நிறுவனங்களிலிருந்து இதைப் பார்க்கவே ஆள் வருவார்கள்.

எங்களிடம் சோதனை செய்கிற பெண் ஒருத்தி இருந்தாள். எதை நீட்டினாலும் நொட்டை சொல்வாள், அதனால் பெயரே நொட்டை. அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். வேலையில் அவளுக்கு நிகர் கிடையாது, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

குழந்தைகள் வார்டுக்கு ஒரு மென்பொருள் செய்தோம். நர்ஸ் குழந்தையின் எடையைப் போட்டால், எவ்வளவு மருந்து ஏற்ற வேண்டும் என்று அது சொல்லும். வயதுக்கும் எடைக்கும் பொருந்தாவிட்டால் ஒரு எச்சரிக்கை வந்து குறுக்கே நிற்கும். அந்த எச்சரிக்கை நொட்டை கேட்டு வைத்தது. குறைமாதக் குழந்தைகளுக்கெல்லாம் அது தேவையில்லாமல் வருகிறது, நர்ஸுகள் எரிச்சல்படுகிறார்கள், எடுத்துவிடுங்கள் என்றார் பெரிய டாக்டர். நான் அந்த மேசையிலேயே சரி என்றேன். அவர் கையில் இன்னும் ஏழு ஆஸ்பத்திரிகள் இருந்தன.

நொட்டையிடம் வந்து சொன்னேன்.

"வேணாம் சார். அவங்களுக்குத் தொல்லையா இருந்தா சரிபண்ணித் தர்றேன், ரெண்டு வாரம் குடுங்க. மொத்தமா அணைக்கச் சொல்லாதீங்க."

"ரெண்டு வாரம்தாம்மா, அதுவரைக்கும் அணைச்சு வைங்க. நான் பாத்துக்கறேன்."

"அப்போ ஒரு மெயில் போட்டுடுங்க சார்."

"நமக்குள்ள எழுத்தா? நம்பிக்கைதானே இந்த ஆபீஸே?"

அவள் முகம் சிவந்துபோனது. என்னைச் சந்தேகப்பட்டதற்காக அவளே மன்னிப்புக் கேட்டாள். போய் அணைத்தாள். கம்ப்யூட்டரில் பதிவானது அவள் பெயர்.

ஒன்பதாம் நாள் ஒரு நர்ஸ் மூன்று புள்ளி ஆறு கிலோ என்பதில் புள்ளியை விட்டுவிட்டாள். முப்பத்தாறு. எதுவும் குறுக்கே வரவில்லை. பத்து மடங்கு மருந்து ஏறி, விடிவதற்குள் குழந்தை போய்விட்டது. பிறந்து மூன்று வாரமான பெண் குழந்தை. பெயர்கூட வைத்திருக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை நொட்டையை என் அறைக்குக் கூப்பிட்டேன். சாப்பிடாமல் தூங்காமல் பாதியாகியிருந்தாள். "வட்டத்துல சொல்லிடுங்க, மனசு லேசாகும். இங்க யாரு உங்கள என்ன சொல்லப்போறாங்க?" என்றேன். மூன்று மணிக்கு அவள் எழுந்து நின்றாள்.

"அந்த எச்சரிக்கைய அணைச்சது நான். அணைச்சிருக்கக் கூடாது."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். விதி அவளுக்குத் தெரியும். உட்கார்ந்துவிட்டாள். நான்தான் முதலில் கைதட்டினேன். பாதிப் பேர் அழுதுகொண்டே தட்டினார்கள். அடுத்து என் முறை. அந்த வாரம் இரண்டு கூட்டங்களுக்குத் தாமதமாக வந்ததைச் சொன்னேன். அதற்கும் தட்டினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை நீங்கள் விசாரிக்க வந்தபோது, வட்டத்தில் அவள் சொன்னதை எழுதிவைத்த பக்கத்தை நானே உங்கள் கையில் கொடுத்தேன். எதையும் மறைக்காத நிறுவனம் என்று நீங்கள்கூடப் பாராட்டினீர்கள். அவள் என் பெயரைச் சொல்லியிருப்பாள். நீங்கள் நம்பவில்லை. உங்கள்மேல் தவறில்லை, எழுத்தில் நான் எங்குமே இல்லை. நான்கு மாதமாக அவள் ஜெயிலில் இருக்கிறாள். போன வாரம் அவள் கணவர் வந்து, மேசையில் இருந்த ஸ்வெட்டரையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனார். "பாப்பா தெனமும் கேக்குது சார், அம்மா எப்ப வரும்னு" என்றார். லிஃப்ட் வரை கூடவே போய் வழியனுப்பினேன்.

அதற்காக நான் வரவில்லை, ஐயா. உண்மையைச் சொல்கிறேன். அவள் போனதிலிருந்து வட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. "இந்த வாரம் ஒண்ணும் இல்ல சார்" என்று நாற்பது பேரும் வரிசையாகச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் ஏழு ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் போகிறது. தவறைச் சொல்லப் பயப்படுகிற ஆட்களை வைத்துக்கொண்டு அதை எப்படி அனுப்புவது? ஒரு தலைவன்தான் முதலில் பேச வேண்டும். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: அணைக்கச் சொன்னது நான். அவள் கேட்ட மெயிலை வேண்டுமென்றே போடாதவன் நான். பழி அவள்மேல் விழும் என்று தெரிந்தே அவளை எழுந்து நிற்கவைத்தவனும் நான்தான்.

அவ்வளவுதான், முடித்துவிட்டேன். பேனாவை வைத்துவிட்டு ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? எங்கள் அலுவலகமாக இருந்தால் இந்நேரம் கைதட்டியிருப்பார்கள்.