பகல் உறக்கத்துக்கு இடம் தந்த மருத்துவருக்கு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய எங்கள் மருத்துவர் அம்மா அவர்களே! நாடி பார்த்த கையாலேயே நோயாளியின் வீட்டு நாதாங்கியையும் தட்டிப் பார்த்த நல்லவரே! கடிந்து பேசிக் கனிந்து முடிக்கும் கண்டிப்பின் உருவே! தங்கள் கையெழுத்தைப் படித்துப் படித்தே எங்கள் மருந்தாளுநர் கண்ணாடி போட்டார். அந்தக் குற்றத்தைத் தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நன்னாளில் மன்னித்தோம்!

முப்பதாண்டுப் பணியின் சிறப்பையெல்லாம் அடுக்கினால் மடல் போதாது. தாங்களும் இடையிலேயே எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே ஒரு காவலாளியின் கதையை மட்டும் இங்கே சொல்லி மகிழ்கிறோம்.

அவர் ஒரு கிடங்கின் இரவுக் காவலாளி. நாற்பத்தைந்து வயது. ஆளைப் பார்த்தால் ஆலமரம். ஆனால் இரத்த அழுத்தமோ கருவியின் உச்சியைத் தொட்டு நின்றது. தாங்கள் ஒரு மாத்திரை எழுதினீர்கள், இறங்கவில்லை. இரண்டாவது எழுதினீர்கள், அசையவில்லை. மூன்றாவது எழுதியபோது தங்கள் பொறுமையும் தீர்ந்தது.

“உப்பைக் குறைச்சீங்களா?”

“குறைச்சுட்டேன் டாக்டர்.”

“பகல்ல தூங்குறீங்களா?”

“கட்டையாட்டம் தூங்குறேன் டாக்டர்.”

அது பொய். பொய் சொல்லக் காரணம் இருந்தது. முந்தைய வாரம் கிடங்கு வாசலில் லாரிக்குக் கதவைத் திறந்தவர், தலை சுற்றி அந்தக் கதவின் மேலேயே சாய்ந்துவிட்டார். “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்” என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். உறக்கமில்லை என்று மருத்துவரிடம் சொன்னால் அது சீட்டில் ஏறும், சீட்டு கிடங்குக்குப் போகும், வேலை போகும். அவர் கணக்கு அது. வாயை மூடிக்கொண்டு மாத்திரையை வாங்கிச் சென்றார்.

தங்களுக்கோ மனம் ஒப்பவில்லை. ஒரு நண்பகலில், சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்து, அவர் வீட்டுப் படியேறினீர்கள். கீழே தகரம் வெட்டும் பட்டறை. மேலே ஒரே அறை. அந்த அறையில்தான் அடுப்பு, கட்டில், பிள்ளைகளின் புத்தகப் பை, அவர் மனைவியின் தையல் இயந்திரம் எல்லாம். பட்டறை ஒருபுறம் அலற, இயந்திரம் மறுபுறம் கடகடக்க, கட்டில் மட்டும் காலியாகக் கிடந்தது.

“அவர் எங்கேம்மா?”

“ஃப்ரெண்டு ரூம்ல தூங்குறாரு டாக்டர். இங்க இருந்தா நான் மிஷினை நிறுத்திடுவேன். அதான் அங்க போயிடறாரு. நல்ல அமைதியான ரூமாம்” என்றார் அந்த அம்மா, சற்றே பெருமையோடு.

திரும்பும் வழியில், பேருந்து நிலையத்துச் சிமென்ட் பெஞ்சில், காதில் பஞ்சும் கண்ணில் சிவப்புமாக அமர்ந்திருந்தார் நம் காவலாளி. தங்களைக் கண்டதும் துள்ளி எழுந்தார்.

“சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன் டாக்டர்.”

“எவ்வளவு நாளா காத்து வாங்குறீங்க?”

அவர் தலை கவிழ்ந்தது. “நான் வீட்ல படுத்தா அவ தைக்க மாட்டா. அவ தைக்கலேன்னா அடுப்பு எரியாது. ஃப்ரெண்டும் இல்ல, ரூமும் இல்ல. அவகிட்ட சொல்லிடாதீங்க.”

தாங்கள் அன்று அவரை ஏசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அவரோ பேசிக்கொண்டே தங்கள் தோள்மீது சாய்ந்து தூங்கிப்போனார். எழுப்ப மனமின்றி அசையாது அமர்ந்திருந்ததால் மாலை நோயாளிகள் தங்களுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. திட்டு வாங்கியவர்கள் நாங்கள்!

மறுநாளே நம் மருத்துவமனை மாடியில் உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடந்த அறையைக் காலி செய்யச் சொன்னீர்கள். உண்மையைச் சொல்வதானால் நாங்கள் முணுமுணுத்தோம். எங்கள் தலைமைச் செவிலியர் முகத்துக்கு நேரே கேட்டார்:

“டாக்டர், இது ஆஸ்பத்திரியா, லாட்ஜா?”

“மூணு மாத்திரை எழுதினேன் சிஸ்டர், மூணும் தோத்துப்போச்சு. இப்போ ஒரு கட்டில் எழுதறேன். அதுவும் தோத்தா அப்புறம் சண்டைக்கு வாங்க.”

மேலிடம் விளக்கம் கேட்டது. ‘கண்காணிப்புப் படுக்கை’ என்று பதில் எழுதினீர்கள். உறங்குகிறவரைக் கண்காணிப்பதும் கண்காணிப்புதானே! மேலிடமும் மேற்கொண்டு கேட்கவில்லை.

சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. செய்தி காதுக்கு எட்டி, காவலாளியின் மனைவி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கட்டிலில் கிடந்த கணவரைப் பார்த்ததும் பொங்கிவிட்டார்.

“உனக்காக நான் மிஷினை நிறுத்தினேன். எனக்காக நீ வீட்டை விட்டுட்டுத் தெருவுல உட்கார்ந்தே. ஒருத்தர் மேல ஒருத்தர் பாசம் வச்சே உன்னைச் சாகடிக்கப் பார்த்திருக்கோம்யா!”

அழுது ஓய்ந்தவர், சன்னலை அண்ணாந்து பார்த்தார். “இவ்வளவு வெளிச்சத்துல யாரு தூங்குவா?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். வார முடிவில், மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த தடித்த திரைச்சீலை வந்து தொங்கியது. அதன் பிறகு அந்த அறையில் நண்பகலும் நள்ளிரவுதான்.

அழுத்தம் இறங்கியது, ஒரே நாளில் அல்ல. பிடிவாதக்காரக் குழந்தை மாடிப்படி இறங்குவதுபோல், நின்று நின்று. மூன்று மாத்திரை ஒன்றானது. வேலையும் தங்கியது. பட்டறை இன்னும் அலறுகிறது, அந்தக் குடும்பம் இன்னும் ஒற்றை அறையில்தான் வாழ்கிறது, சம்பளமும் ஏறவில்லை. ‘இதையெல்லாம் என்னால மாத்த முடியலையே’ என்று தாங்கள் வருந்தியதை நாங்கள் அறிவோம். ஆயினும் பணமும் வீடும் பணிநேரமும் ஒரு மனிதனின் குருதிக் குழாய்க்குள் புகுந்து என்ன செய்கின்றன என்பதைத் தங்களிடமே கற்றோம். அடுத்து ஒரு ரொட்டிக்கடைத் தொழிலாளி வந்தார். பிறகு இரவுத் துப்புரவுப் பெண்கள் வர, அவர்களுக்கு அடுத்த அறையும் திறந்தது. லாட்ஜா என்று கேட்ட அதே செவிலியர்தான் இன்று மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே ‘உஷ்’ என்று பாய்ந்து வருகிறார்!

எங்கள் அன்பு அம்மா! நூறாண்டு வாழ்க என்று வெறும் வாயால் வாழ்த்தினால் தாங்கள் சிரிப்பீர்கள். ஆகவே இப்படி வாழ்த்துகிறோம்: ஓய்வூதியம் தவறாமல் வரட்டும், வீட்டில் காற்று வரட்டும், பேச அண்டை வீட்டார் இருக்கட்டும், கவலையின்றி உண்ணவும் கடிகாரமின்றி உறங்கவும் வாய்க்கட்டும்! இவை வாய்த்தால் நீண்ட ஆயுள் தானே தேடி வரும்.

இவ்விழாவுக்கு அந்தக் காவலாளியை அழைத்தோம், வரவில்லை. நண்பகல் அல்லவா, மேலே உறங்குகிறார். அவரோடு இன்னும் ஐவர். அதனால்தான் ஒலிபெருக்கி இல்லை. இம்மடலை மெல்லிய குரலில் வாசிக்கிறோம். அன்பு கூர்ந்து எவரும் கைதட்ட வேண்டாம். எல்லோரும் ஓசையின்றி எழுந்து நிற்போம்.

நன்றி மறவாத நெஞ்சோடு,
மருத்துவமனைப் பணியாளர்கள் அனைவரும்